அந்தப் புள்ளைக்கு நான் என்ன செய்யலாம்?

கேள்வி: அக்கா, எங்கட ஊர்ல 14 வயசுப் புள்ள ஒண்டு, சொந்தக்காரன் ஒருத்தனால பாலியல் கொடுமைக்கு ஆளாகி இப்ப கேஸ் நடக்குது, ஸ்கூலுக்கும் போறல்ல. நான் கெம்பஸ்ல படிக்கிறன், அக்கா மாதிரி இருந்து படிப்பிச்சுக் குடுக்க ஆசை. எங்க தொடங்குற?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: நல்ல யோசின தங்கச்சி. முதல்ல தாய்ட்டயும் புள்ளட்டயும் கேளுங்க, புள்ள வேணாம் எண்டா விட்டுருங்க. ஓம் எண்டா பிரதேச செயலகத்துல சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்குச் சொல்லிட்டுத் தொடங்குங்க.

நடந்தத நீங்களா தோண்டாதீங்க, கேஸப் பத்தி இப்பிடிச் சொல்லு அப்பிடிச் சொல்லு எண்டு சொல்லிக் குடுக்கவும் வேணாம், அது கோட்டுல அவக்கே பாதகமாப் போகும். அவவாக் கதைச்சா கேளுங்க, நம்புங்க, உன்ட பிழ இல்லடா எண்டு சொல்லுங்க. ஆனா ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் மட்டும் பண்ணிராதீங்க, இன்னும் ஆபத்து இருந்தா 1929 எண்ட சிறுவர் உதவி நம்பருக்கு கோல் எடுக்கத்தான் வேணும்.

பின்னேரத்துல அவங்கட வாசல்ல, தாய்ட கண்ணுக்குத் தெரியிற இடத்துல பாய விரிச்சி, அவக்கு ஏலுமான கணக்கு ரெண்டு போதும். சில நாள் கொப்பியத் திறக்கவே மாட்டா, சும்மா பக்கத்துல இருங்க. எப்ப நிப்பாட்டுற எண்டத அவ சொல்லட்டும், நீங்க வராத நாள முந்தியே சொல்லிருங்க, இது பெரிய விஷயம். நித்திர வராம பயந்து எழும்புறா எண்டா ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்க, அது உங்கட வேல இல்ல.

ஊர் வாய் தெரியும்தானே (நம்மட ஆக்களுக்கு அடுத்த வீட்டுக் கத எண்டா சோறு தண்ணி வேணாம்), கேட்டா ரியூசன் எண்டுருங்க. 16 வயசு வரைக்கும் படிப்பு கட்டாயம், அதனால திரும்ப ஸ்கூலுக்குச் சேக்கிற கதைய அந்த உத்தியோகத்தரையே அதிபரோட கதைக்கச் சொல்லுங்க.