பாப் போட்டால் ஆறு காலி லிஸ்ட், எடுத்தால் ஒரே விடை: ஏன்?

கேள்வி: காரைக்குடியில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 1, 2, 3 என்ற எண்களை எத்தனை வரிசையில் அடுக்கலாம் என்று பேக்டிராக்கிங் முறையில் பைத்தானில் எழுதினேன். லிஸ்ட்டின் கடைசி எண்ணை நீக்கும் பாப் (pop) வரி இல்லாமல் ஓட்டினால் ஒரே விடை. சேர்த்தால் ஆறு வருகிறது, ஆறும் காலி லிஸ்ட். எங்கே தப்பு?

பதில்: பாப் வரியில் தப்பில்லை, அது இருந்தே ஆகவேண்டும்.

உங்கள் ஊர்ப் பெரிய வீடு ஒன்றில் பித்தளைத் தூக்கைத் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். வளவை, அதாவது நடுமுற்றத்தை, ஒட்டிய அறை ஒன்றைத் திறக்கிறீர்கள், விளக்கைப் போட்டுப் பார்க்கிறீர்கள். இல்லையா? விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வளவுக்கு வந்து அடுத்த அறைக்குப் போவீர்கள். மறுபடி முகப்புக்குப் போய் முதலிலிருந்து தொடங்க மாட்டீர்கள். பேக்டிராக்கிங் இவ்வளவுதான். கதவைச் சாத்துகிற வேலைதான் பாப். அது இல்லாததால் முதல் விடை கிடைத்த பிறகும் 1, 2, 3 மூன்றும், இதுவரை எடுத்த எண்களை வைத்திருக்கும் பாதை லிஸ்ட்டிலேயே தங்கிவிட்டன. லூப் எந்த எண்ணை எடுத்தாலும் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று தாண்டிப் போனது. அதனால்தான் ஒரே விடை.

காலி லிஸ்ட் வேறு சங்கதி. விடைகளில் அப்பெண்ட் செய்தபோது பாதையின் நகலைச் சேர்க்காமல் பாதையையே சேர்த்துவிட்டீர்கள். ஆறு இடத்திலும் இருப்பது ஒரே லிஸ்ட். கடைசி பாப் முடிந்ததும் அது காலி, ஆகவே ஆறும் காலி. பாதை[:] என்று நகலெடுத்துச் சேருங்கள், சரியாகிவிடும். இதில் மாட்டாத மாணவரை நான் அநேகமாகப் பார்த்ததில்லை.

ஆனால் உங்கள் கணக்கில் பேக்டிராக்கிங்கின் உண்மையான பலம் தெரியாது. அங்கே விடைக்குப் போகாது என்று பாதியிலேயே கைவிட வேண்டிய வழி ஒன்றுமில்லை. எட்டு ராணிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றை ஒன்று வெட்டாதபடி வைக்கவேண்டும். 64 கட்டங்களில் எட்டைத் தேர்ந்தெடுக்க 442 கோடிக்கு மேல் வழிகள், விடைகளோ 92தான். வரிசைக்கு ஒரு ராணியாக வைத்து, வெட்டுப்படும் இடமென்றால் அதற்குமேல் உள்ளே போகாமலே திரும்பவேண்டும். அந்தச் சோதனை, ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் ரிகர்ஷன் அழைப்புக்கு முன்னால் வரட்டும்.

முதலில் 4×4 பலகையைத் தாளிலேயே போடுங்கள். முதல் ராணி முதல் வரிசையில் 1ஆம் கட்டத்தில், அடுத்தது இரண்டாம் வரிசையில் 3இல் என்றால் மூன்றாம் வரிசையில் இடமே இல்லை. இரண்டாவதை 4க்கு நகர்த்தினால் மூன்றாவது 2இல் உட்காரும், நான்காவதற்கு இடமில்லை. ஆகவே முதல் ராணியையே எடுத்து 2இல் வைக்கவேண்டும். அப்போது 2, 4, 1, 3 என்று கிடைக்கும்.