தண்ணீர் மட்டம் தெரியாத வாஷிங் மெஷின்: போர்டை மாற்றும் முன் டியூபைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் டாப் லோட் வாஷிங் மெஷின் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. ஒரு மாதமாக விநோதமாக நடந்துகொள்கிறது. சில நாள் நிறுத்தாமல் தண்ணீர் எடுத்துக்கொண்டே இருக்கிறது. சில நாள் ஒரு சொட்டுகூட எடுக்காமல், தண்ணீர் மட்டக் கோளாறு என்று குறியீடு காட்டி நின்றுவிடுகிறது. வந்து பார்த்த மெக்கானிக், மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது என்கிறார். மாற்றுவதற்கு முன் நாங்களே சோதித்துப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறாக இருப்பதே நல்ல துப்பு. போர்டு மீது எனக்கு அவ்வளவாகச் சந்தேகம் வரவில்லை. தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சார் மீதுகூட இல்லை. சென்சாருக்குப் போகும் டியூபின் மீதுதான்.

வாட்டர் லெவல் சென்சார் தண்ணீரைத் தொடுவதே இல்லை. டப்பின் அடியில் ஏர் சேம்பர் என்று ஒரு சின்னக் குப்பி மாதிரி அறை இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய டியூப் மேலே ஏறி சென்சாரில் முடியும். தண்ணீர் ஏற ஏற டியூபுக்குள் அடைபட்ட காற்று அழுந்தும். அந்த அழுத்தத்தைத்தான் சென்சார் மட்டமாகக் கணக்கிடுகிறது. பழைய மெஷின்களில் இது ‘டிக்’ என்று விழும் பிரஷர் சுவிட்ச். இப்போதைய மெஷின்களில் ஒரு சவ்வு நகர்ந்து, கம்பிச் சுருளுக்குள் இருக்கும் காந்தத் துண்டை நகர்த்தும். அதனால் மாறும் மின்சமிக்ஞையின் அதிர்வெண்ணை போர்டு படிக்கும்.

இதில் உள்ள அழுத்தம் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். டப்பில் 30 செ.மீ. தண்ணீர் நின்றால் சென்சாருக்குப் போவது ஏறக்குறைய 3 கிலோபாஸ்கல், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் நூற்றில் மூன்று பங்கு. இவ்வளவு மென்மையான ஏற்பாட்டைக் கெடுக்க ஒரு ஊசித் துளையோ, கொஞ்சம் சோப்புச் சேறோ போதும்.

உங்கள் மெஷினின் முரண்பாட்டுக்கும் அந்தச் சேறே காரணமாக இருக்கலாம். டப் காலியாக இருக்கும்போது சேம்பரின் வாய் அடைத்துக்கொண்டால், தண்ணீர் ஏறுவது சென்சாருக்குத் தெரியாது. மெஷின் எடுத்துக்கொண்டே போகும். தண்ணீர் நிற்கும்போது அடைத்துக்கொண்டால், தண்ணீர் வடிந்த பிறகும் அழுத்தம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். காலி டப்பில் தண்ணீர் இருப்பதாக மெஷின் நம்பும். அடைப்பு ஒன்றுதான், அது எப்போது விழுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

எதையும் கழற்றும் முன் ஒரு சோதனை. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். அப்போதும் தண்ணீர் விழுந்தால் கோளாறு, தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வில். சென்சாருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பிளக்கை எடுத்ததும் நின்றால் மேலே தொடரலாம். அப்படியே, தண்ணீர் வெளியேறும் டிரெய்ன் ஹோஸையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பம்ப் மூலம் தண்ணீரை வெளியேற்றும் மெஷினில் அதன் முனை தரையில் கிடந்தாலோ, வடிகால் குழாய்க்குள் ஆழமாக இறங்கியிருந்தாலோ, ஒரு பக்கம் ஏற ஏற மறுபக்கம் தண்ணீர் வழிந்து போகும். மெஷினும் நிறையாத டப்பை நிறைக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். இந்த ஒன்றுக்காகவே சென்சாரை மாற்றியவர்கள் உண்டு.

சரி, இப்போது டியூப். பிளக்கை எடுத்து, குழாயையும் மூடிவிடுங்கள். டாப் லோடில் சென்சார் பெரும்பாலும் பின்பக்க மேல் பேனலுக்குள் இருக்கும். ஃப்ரன்ட் லோடில் மேல் பலகையை எடுத்தால் பக்கச் சுவரை ஒட்டித் தெரியும். இரண்டு மூன்று வயர்களும் ஒரு மெல்லிய டியூபும் சேரும் வட்டமான சின்னப் பொருள் அதுதான். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளிப்பை நகர்த்தி, டியூபை சென்சாரிலிருந்து மட்டும் உருவுங்கள். டப்பில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, டியூபின் முனையில் வாய் வைத்து ஊதுங்கள். அடியில் குமிழி வரும் சத்தம் கேட்டால் பாதை திறந்திருக்கிறது. ஊதவே முடியவில்லை என்றால் அடைப்பு. ஊசி இல்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான தண்ணீரை டியூப் வழியே நாலைந்து முறை கீழே செலுத்தினால் சேறு கரைந்து இறங்கும். அப்புறம் ஊதி டியூபை உலர்த்துங்கள். உள்ளே தங்கும் துளித் தண்ணீரும் அளவைத் தவறாகக் காட்டும்.

அடைப்பு இல்லையென்றால் டியூபை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். டப் ஆடும்போது உரசித் தேயும் இடம், எலி கடித்த இடம், பேனலுக்கு அடியில் மடிந்த இடம் மூன்றும் வழக்கமானவை.

சென்சாரைச் சோதிக்க, அதன் வாயில் ஒரு சின்ன டியூபை மாட்டி மெதுவாக ஊதலாம். மெழுகுவத்தியை அணைக்கும் வேகம்கூட வேண்டாம். பலமாக ஊதினால் சவ்வு போய்விடும். கம்ப்ரசர் காற்றைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். பழைய வகையில் ‘டிக்’ சத்தம் கேட்க வேண்டும். புதிய வகையில் சத்தம் வராது. அதற்கு வயர் கனெக்டரைக் கழற்றி, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, அழுத்தி மாட்டுங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

திரும்ப மாட்டும்போது நிறையப் பேர் தவறும் இடம் ஒன்று உண்டு. டப்பில் தண்ணீர் இருக்கும்போது டியூபைச் சென்சாரில் மாட்டக் கூடாது. கழற்றியிருந்த நேரத்தில் தண்ணீர் சேம்பருக்குள் ஏறியிருக்கும். அப்படியே மாட்டினால் அந்த மட்டத்தையே மெஷின் காலி என்று எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் நிரப்பப் பார்க்கும். டிரெய்ன் ஹோஸைத் தரையில் தாழ்த்தியோ, மோந்து எடுத்தோ டப்பை முழுக்க வடியவிட்ட பிறகு மாட்டுங்கள். பேனலை மூடும்போது டியூப் நசுங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு துணி போடாமல் தண்ணீர் மட்டும் நிரப்பி, மட்டம் வந்ததும் நிறுத்தி, டப்பின் உள்சுவரில் ஒரு அடையாளம் வைத்து, கால் மணி நேரம் கழித்துத் தொடருங்கள். தண்ணீர் அடையாளத்திலேயே நிற்க, மெஷின் மட்டும் மறுபடி தண்ணீர் எடுக்கத் தொடங்கினால், டியூபில் எங்கோ காற்று கசிகிறது. முழு டியூபையும் மாற்றிவிடுங்கள். ஒட்டுப் போட்டால் நிற்காது.

இத்தனைக்கும் பிறகு குறியீடு வந்தால் சென்சாரை மாற்றிப் பாருங்கள். அதன் மாடல் எண் சென்சாரின் மேலேயே அச்சிட்டிருக்கும். அதே எண்தான் வேண்டும். புதிய சென்சாரிலும் அதே பிழை வந்தால், அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. சென்சாருக்கும் போர்டுக்கும் இடையிலுள்ள வயர்களைச் சோதித்துவிட்டு போர்டைக் கழற்றச் சொல்லுங்கள்.