ஆர்பிஜி என்றால் எந்த ஆர்பிஜி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஸ்கைரிம் வீடியோ கேமை முடித்த கையோடு, "இதுவும் ஆர்பிஜிதான், உனக்குப் பிடிக்கும்" என்று நண்பன் சொன்னதை நம்பி பெர்சோனா 5 வாங்கினேன். எதிரி எதிரில் சும்மா நிற்கிறான், நான் மெனுவைத் திறந்து அடியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நடுவில் பள்ளிக்கூடம் போகிறேன், பரீட்சை எழுதுகிறேன். இரண்டும் எப்படி ஒரே வகை?

பதில்: உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை, ஆனால் உதவியும் செய்யவில்லை. ஆர்பிஜி என்றால் ரோல்-பிளேயிங் கேம், ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடும் ஆட்டம். இரண்டுக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவர்தான்: 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டம். அதில் ஒவ்வொருவரிடமும் ஒரு தாள் இருக்கும், அந்தத் தாளில் பலம், அறிவு, வேகம் என்று எண்கள் இருக்கும், பகடை உருட்டுவார்கள், என்ன நடந்தது என்று கதை சொல்ல ஒருவர் உட்கார்ந்திருப்பார். இதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தவர்களுக்குக் கணக்குப் போடும் வேலை சுலபமாக முடிந்துவிட்டது, அந்தக் கதைசொல்லியை மட்டும் பெட்டிக்குள் அடைக்க முடியவில்லை. அதனால் ஆளுக்கொரு பகுதியை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள், கிளைகள் எல்லாம் அப்படி முளைத்தவைதான்.

1981-இல் வந்த அல்டிமா "இதோ உலகம், எங்கே வேண்டுமானாலும் போ" என்றது. ஸ்கைரிம் அந்த வழியில் வந்த பேரப்பிள்ளை. அதே ஆண்டு விசார்ட்ரி ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு பாதாளத்துக்குள் இறங்கச் சொன்னது. இரண்டையும் விரும்பி ஆடிய ஜப்பானிய வடிவமைப்பாளர் யூஜி ஹோரி, கீபோர்டே இல்லாத வீட்டுக் கன்சோலில் யார் வேண்டுமானாலும் ஆடும்படி எளிதாக்கி 1986-இல் டிராகன் குவெஸ்ட் கொடுத்தார். மெனுவில் அடி, மந்திரம், மருந்து என்று தேர்ந்தெடுப்பது, ஆசிரியர் எழுதிவைத்த கதையில் நீங்கள் நடந்துபோவது, இதெல்லாம் ஜேஆர்பிஜியின், அதாவது ஜப்பானிய ஆர்பிஜியின், அடையாளமானது அங்கிருந்துதான். பெர்சோனா இந்த வீட்டுப் பிள்ளை.

பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, எந்த ஆட்டத்தை வாங்கும் முன்பும் இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். சண்டையில் ஜெயிப்பது உங்கள் விரலா, கதாபாத்திரத்தின் எண்ணா? தோற்றால் உங்களுக்கு என்ன நஷ்டம்? ஸ்கைரிமில் வாளை நீங்கள்தான் வீசுகிறீர்கள், அது எவ்வளவு ஆழமாக வெட்டும் என்பதை எண் தீர்மானிக்கிறது. பெர்சோனாவில் விரலுக்கு வேலையே இல்லை. எதிரிக்கு எது ஆகாது, நெருப்பா மின்னலா என்று கண்டுபிடித்து அடித்தால் அவன் விழுவான், உங்களுக்கு இன்னொரு முறை கிடைக்கும், எல்லோரும் விழுந்தால் மொத்தமாகப் பாயலாம். அப்புறம் அந்தப் பள்ளிக்கூடம். அங்கே நாட்காட்டிதான் நிஜமான எதிரி: ஒரு மாலையை நண்பனுக்குக் கொடுத்தால் அந்த மாலையில் படிக்க முடியாது, கெடு மட்டும் நெருங்கிக்கொண்டே இருக்கும். அரண்மனை என்று அழைக்கப்படும் முதல் பெரிய கட்டம் முடியும்வரை ஆடுங்கள். அதற்குப் பிறகும் எதிரி சும்மா நிற்பது கடுப்பாக இருந்தால் தாராளமாக மூடிவிடலாம், குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

கேள்வி: டயாப்லோவையும் ஆக்‌ஷன் ஆர்பிஜி என்கிறார்கள், டார்க் சோல்ஸையும் அப்படியே சொல்கிறார்கள். முதலாவதில் நான் ராஜா, இரண்டாவதில் வாசலில் நிற்கும் எலும்புக்கூடே என்னைக் கொன்றுவிடுகிறது!

பதில்: முன்னே சொன்ன விரல்-எண் கணக்கைப் போடுங்கள், புரிந்துவிடும். டயாப்லோ முதலில் ஆளுக்கொரு முறை என்று மாறிமாறி ஆடும் ஆட்டமாகத்தான் உருவாகிக்கொண்டிருந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் பிரெவிக் அரைமனதோடு ஒரு மதியம் உட்கார்ந்து அதை நிகழ்நேரமாக மாற்றிப் பார்த்தார், ஒரு கிளிக்கில் எலும்புக்கூடு நொறுங்கி விழுந்ததும் மனது மாறிவிட்டது. ஓடுவதும் அடிப்பதும் நம் கையில்தான், ஆனாலும் உயிர்நாடி அங்கே பொருள்கள். செத்த எதிரி எதைப் போடுகிறான், அதன் எழுத்து எந்த நிறம், இப்போது மாட்டியிருப்பதைவிட நல்லதா என்று பார்ப்பதிலேயே பாதி நேரம் போகும். நல்ல பில்ட் (திறமைகளும் பொருள்களும் பொருந்திய சேர்க்கை) இருந்தால் ஒரு கையில் காபியோடு ஆடலாம்.

டார்க் சோல்ஸ் நேர் எதிர். லெவலே ஏற்றாமல் கடைசிவரை முடிப்பவர்கள் இருக்கிறார்கள், எதிரி கையை எப்போது ஓங்குவான் என்று கண்ணுக்கும் விரலுக்கும் பழகிவிட்டால் போதும். செத்தால், எதிரிகளைக் கொன்று சேர்த்த சோல்ஸ் (அங்கே காசும் அனுபவப் புள்ளியும் அதுதான்) எல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கும், போய் எடுக்கலாம், வழியில் மறுபடி செத்தால் அவ்வளவுதான். நெருப்பருகே உட்கார்ந்தால் மருந்து நிரம்பும், கொன்ற எதிரிகளும் எழுந்துவிடுவார்கள். அந்த எலும்புக்கூடுகள் விஷயம்: நீங்கள் கல்லறைப் பக்கம் போயிருப்பீர்கள், எல்லோரும் முதலில் அங்கேதான் போய் உதைபடுகிறார்கள். மேலே ஏறும் படிக்கட்டைப் பிடியுங்கள்.

கேள்வி: ரோக்லைக், ரோக்லைட், என்ன வித்தியாசம்? ஒரு எழுத்துதானா?

பதில்: செத்த பிறகு உங்களிடம் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் வித்தியாசம். 1980-இல் வந்த ரோக் ஆட்டத்தில் படங்களே கிடையாது, திரையில் எழுத்துகள்தான். @ என்பது நீங்கள், ஒரு பெரிய எழுத்து உங்களை நோக்கி நகர்ந்தால் அது ஏதோ ஒரு மிருகம். ஒவ்வொரு முறையும் பாதாளம் புதிதாக உருவாகும், செத்தால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். கையில் மிஞ்சுவது புத்தி மட்டும். அதே விதியில் ஆடுபவைதான் ரோக்லைக். ரோக்லைட்டில் செத்தாலும் கொஞ்சம் சேமிப்பு இருக்கும். 2020-இல் முழுமையாக வெளியான ஹேடிஸ் இதைக் கதைக்குள்ளேயே வைத்துவிட்டது: செத்தால் அப்பா வீட்டுக்கே திரும்பி வருகிறீர்கள், அவர் ஒரு நக்கல் அடிக்கிறார், கொண்டுவந்ததை வைத்துக் கொஞ்சம் பலமாகி மறுபடி கிளம்புகிறீர்கள். சுத்த ரோக்லைக் ரசிகர்கள் இதையெல்லாம் ஏமாற்று வேலை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கு ரோக்லைட்தான்.

கேள்வி: செல்டா ஆர்பிஜியா?

பதில்: இல்லை. எதிரியை அடித்து அனுபவப் புள்ளி சேர்த்து லெவல் ஏறும் வேலை அதில் கிடையாது (1987-இல் வந்த இரண்டாம் செல்டாவில் மட்டும் உண்டு). சண்டைக்கு வருபவர்கள் வரிசையில் வரவும்.

கேள்வி: டாக்டிக்கல் ஆர்பிஜியில் அடி 90 சதவீதம் படும் என்று திரையில் காட்டுகிறது, படவில்லை. அதே எதிரி 10 சதவீத வாய்ப்பில் என் ஆளை அடிக்கிறான். கம்ப்யூட்டர் திருடுகிறதா?

பதில்: பத்தில் ஒன்று தப்பினால் அது 90 சதவீதம்தான் சார், நம் மனசுதான் அதை நூறு என்று படிக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: ஃபயர் எம்ப்ளம் என்ற டாக்டிக்கல் ஆர்பிஜி வரிசையில், 2002-இல் வந்த ஆட்டம் முதல் பலவும் ஒன்றுக்கு இரண்டு எண்களை உருட்டி, அவற்றின் சராசரி திரையில் காட்டும் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அடி பட்டது என்று எடுத்துக்கொள்கின்றன. விளைவு, திரையில் 90 என்று போட்டிருந்தால் உண்மையில் சுமார் 98, 10 என்றால் சுமார் 2. அதாவது அங்கே திருட்டு நடக்கிறது, ஆனால் உங்கள் பக்கமாக!

கட்டம் கட்டமாக ஆட்களை நகர்த்தும் இந்த வகையில் எங்கே நிற்கிறீர்கள் என்பது லெவலைவிட முக்கியம். அடி பலிக்கும் என்று நம்பி ஆளை முன்னால் தள்ளாதீர்கள், பலிக்காவிட்டால் அவனை யார் காப்பாற்றுவார் என்று பார்த்துவிட்டுத் தள்ளுங்கள். பழைய ஃபயர் எம்ப்ளங்களில் செத்த ஆள் செத்ததுதான், அடுத்த சண்டைக்கு வரமாட்டான். அந்தத் துக்கம் தாங்காது என்றால் பிற்பாடு வந்தவற்றில், விழுந்த ஆள் அடுத்த சண்டைக்குத் திரும்பி வரும் கேஷுவல் மோட் இருக்கிறது.

கேள்வி: எனக்குச் சண்டையே பிடிக்காது. கதை, பேச்சு, முடிவெடுப்பது, இதுமட்டும் போதும். ஆர்பிஜி எனக்கு வேண்டாமா?

பதில்: உங்களுக்காகவே செய்ததுபோல ஒன்று இருக்கிறது, 2019-இல் வந்த டிஸ்கோ எலிசியம். குடித்துவிட்டு எல்லாவற்றையும் மறந்துபோன ஒரு துப்பறிவாளர் நீங்கள். 24 திறமைகள், அவை வெறும் எண்களாக இல்லாமல் மண்டைக்குள் உட்கார்ந்து உங்களோடு பேசும், சில சமயம் தவறான யோசனையும் கொடுக்கும். தனியாகச் சண்டைத் திரை என்று ஒன்றே கிடையாது, எல்லாம் பேச்சும் பகடையும்தான். அதனால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டம் தொடங்கும் அறையில் மின்விசிறியில் உங்கள் டை சுற்றிக்கொண்டிருக்கும். உடல் வலுவுக்குப் புள்ளியே போடாமல் வந்து அதை எட்டிப் பறிக்கப் போனால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஆட்டம் முடியலாம். கழுத்துப்பட்டையால் செத்த நாயகனை வேறெங்கே பார்ப்பீர்கள்?

சண்டை இருந்தாலும் தட்டிக்கழிக்கலாம் என்றால் 2015-இல் வந்த அண்டர்டேல். ஒருவரையும் கொல்லாமல் பேசியே முடிக்கலாம். 2023-இன் பால்டர்ஸ் கேட் 3 பேச்சுக்கு நல்ல இடம் கொடுக்கிறது, ஆனால் சண்டையும் நிறைய. உங்களுக்கு அது இரண்டாவதாக இருக்கட்டும்.

கேள்வி: ஜேஆர்பிஜி ஜப்பானில்தான் செய்யப்பட வேண்டுமா?

பதில்: 2025-இல் வந்த கிளேர் அப்ஸ்கியூர் பிரான்ஸில் செய்தது. முறைவைத்து அடிக்கிறார்கள், எதிரி அடிக்கும்போது சரியான நொடியில் பட்டனைத் தட்டித் தடுக்கலாம், மற்றபடி ஜேஆர்பிஜி ரத்தம்தான். அதே நேரம் ஜப்பானில் செய்த டார்க் சோல்ஸை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஃபைனல் ஃபேன்டசி 16-இன் தயாரிப்பாளர் நவோகி யோஷிடாவோ அந்தப் பெயரே பிடிக்கவில்லை என்று 2023-இல் சொன்னார். ஒரு காலத்தில் அதை மட்டம்தட்டத்தான் பயன்படுத்தினார்களாம்.

கேள்வி: எம்எம்ஓ ஆர்பிஜியில் சேரலாமா? எனக்குத் தினமும் அரைமணி நேரம்தான் கிடைக்கும்.

பதில்: வேண்டாம். ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாக ஆடும் உலகம் நீங்கள் தூங்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், பாஸ் எனப்படும் பெரிய எதிரியை அடிக்க ஆட்கள் ஒரே நேரத்தில் கூட வேண்டும், நடுவில் எழுந்து போனால் மற்றவர்கள் திட்டுவார்கள். ஆனால் வேடிக்கைக்குக் குறைவில்லை. 1997-இல் அல்டிமா ஆன்லைன் சோதனை ஓட்டத்தில், அந்த ஆட்டத்தின் கர்த்தாவான ரிச்சர்ட் காரியட் ராஜா வேடத்தில் மக்களைப் பார்க்க வந்தார், சாகாவரத்தை ஆன் செய்ய மறந்துவிட்டார், கூட்டத்தில் ஒருவர் நெருப்பு மந்திரம் போட ராஜா காலி.

அரைமணி நேரத்துக்கு ரோக்லைட்டில் ஒரு ஓட்டம் சரியாக இருக்கும், அல்லது ஃபயர் எம்ப்ளத்தில் ஒரு சண்டையைப் பாதியில் நிறுத்திவைத்து மறுநாள் தொடரலாம். பால்டர்ஸ் கேட் போன்றவற்றை நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், விட்டு விட்டு ஆடினால் யார் யாருக்கு எதற்காகத் துரோகம் செய்தார் என்பதே மறந்துவிடும்.