எல்லோரும் ஒல்லி என்று கேலி செய்கிறார்கள். அக்காவின் கல்யாணத்துக்குள் உடம்பு வைக்க என்ன செய்யலாம்?

கேட்டவருக்கு 24 வயது. உயரம் 5 அடி 8 அங்குலம், எடை 54 கிலோ. தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம், அதற்குள் "ஆள் மாதிரித் தெரியவேண்டும்" என்று எழுதியிருக்கிறார். ஊர் திருகோணமலை என்று போட்டிருப்பதால்தான் நான் எழுதுகிறேன், என் ஊரும் அதுதான். இல்லாவிட்டால் பேசாமல் கடந்து போயிருப்பேன், ஏற்கனவே பலர் வாழைப்பழமும் பாலும் அடித்துக் குடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

தம்பி, உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டு நிலைமை ஓரளவு தெரியும் என்று நினைக்கிறேன். கேலி செய்கிறவர்கள் உங்களிடம் சொல்வதைவிட உங்கள் அம்மாவிடம் சொல்வதுதான் கூட. "பிள்ளைக்கு ஒழுங்காச் சமைச்சுக் குடுக்கிறதில்லையோ?" அம்மா அதைக் கேட்டு முகம் வாடுகிறா, அதுதான் உங்களுக்குச் சுடுகிறது. பிழை என்றால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

எனக்கு 47 வயது. அரச அலுவலகம் ஒன்றில் வேலை. 170 சென்ரிமீற்றர், 62 கிலோ. பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பட்டம் ஈர்க்கில். இன்றைக்கும் மத்திய வீதியில் யாராவது பின்னால் நின்று "டேய் ஈர்க்கில்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். அது பரவாயில்லை, கூடப் படித்தவன் கூப்பிடலாம். கல்யாணத்துக்குப் பிறகு வந்த பேச்சுத்தான் தாங்க முடியாதது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் மனைவியைப் பார்த்து, "இவரைக் கொஞ்சம் கவனியும் பிள்ளை, இப்பிடி வத்திப் போனார்." அவ பாடசாலைக்கும் போய், வந்து இரண்டு பிள்ளைகளையும் பார்த்து, இரவில் எனக்கென்று தனியாக முட்டை பொரித்து வைக்கிற மனுசி. ஒருமுறை பத்திரகாளி அம்மன் கோவில் வாசலில் வைத்தே என் பெரிய மாமி இதைச் சொன்னா. அன்றிலிருந்து மாமி வீட்டு விசேஷம் என்றால் அவவுக்குத் தலையிடி வந்துவிடும்.

மாமியையும் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியபோது நாங்கள் எல்லோரும் ஓடினவர்கள். முகாமில் நிவாரண அரிசியையும் பருப்பையும் அளந்து அளந்து சமைத்தவ அவதான். அந்தத் தலைமுறைக்கு மெலிவு என்றால் பட்டினி, இல்லாவிட்டால் கசம் (காசநோய்), அதுவும் இல்லாவிட்டால் மனக்கவலை. பிள்ளையின் கன்னத்தில் சதை தெரிந்தால் வீட்டில் எல்லாம் சரி என்று அர்த்தம். அதனால் சின்ன வயதிலிருந்தே என் கோப்பையில் மற்றவர்களைவிட ஒரு அகப்பை சோறு கூட விழும். பிளேன்டீ என்றால் மூன்று கரண்டி சீனி. "ஒல்லிப் பிள்ளைதானே, குடிக்கட்டும்." என் அண்ணன் கொஞ்சம் பருமன், அவனுக்கு மட்டும் வீட்டில் சீனிப் போத்தலை ஒளித்து வைப்பார்கள். அலுவலகத்திலும் அதேதான். தேத்தண்ணி கொண்டுவரும் அம்மா மற்றவர்களிடம் "சீனி போடவோ?" என்று கேட்பா, என்னிடம் கேட்காமலே போடுவா.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம். மூன்று கரண்டி 12. ஐந்து தேத்தண்ணிக்கு 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, ஒரு நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்தால் நல்லது என்று. இதில் மாலையில் கடையில் வாங்கும் பணிஸும் சோடாவும் சேரவில்லை. இங்கே 2016இலிருந்து சோடாப் போத்தலில் நிறம் போடுகிறார்கள், 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அந்தச் சிவப்பு வட்டத்தைக் காட்டி யாரும் என்னைத் தடுத்தது கிடையாது. அண்ணனைத்தான் தடுப்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அரச வைத்தியசாலைகளில் 35 வயது தாண்டியவர்களுக்கு இலவசமாக இரத்தத்தில் சீனி, பிரஷர், எடை எல்லாம் பார்க்கும் கிளினிக் ஒன்று இருக்கிறது. அண்ணி அண்ணனைப் போகச் சொல்லி நச்சரித்தா. தனியாகப் போக அவனுக்குப் பயம், துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். வெறும் வயிற்றோடு போகவேண்டும் என்றதால் நானும் சாப்பிடாமல்தான் போனேன், அவன் முன்னால் நான் மட்டும் இடியப்பம் சாப்பிட்டால் நன்றாக இருக்காது என்று. வரிசையில் நிற்கிறோம். முன்னால் நின்ற வயதான அம்மா ஒருவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, இது சீனி பாக்கிற லைன். காய்ச்சலுக்கு எண்டா அங்கால போகவேணும்." வரிசை முழுக்கச் சிரிப்பு. அண்ணன் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தான். எனக்கு ரோசம் வந்து, வந்ததுக்கு நானும் பார்த்துவிட்டே போகிறேன் என்று நின்றேன்.

உள்ளே ஒரு மிஸ்ஸி (தாதி) தையல்காரர் வைத்திருப்பது போன்ற மஞ்சள் நாடாவோடு நின்றா. "சேட்டைத் தூக்குங்கோ அண்ணா." தூக்கினேன். "மூச்சை உள்ளுக்கு இழுக்காதேங்கோ, சும்மா விடுங்கோ." விட்டேன். நாடாவைச் சுற்றினா, எண்ணைப் பார்த்தா, நாடாவை எடுத்துவிட்டு இன்னொரு தரம் சுற்றினா. 93. ஆசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றருக்குள் இருக்கவேண்டும், பெண்களுக்கு 80. கையும் காலும் குச்சி, கன்னம் ஒட்டி, ஆனால் சேட்டுக்குள்ளே ஒரு சின்னத் தொப்பை. அது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். பெல்ட் போட்டுச் சேட்டை வெளியே விட்டால் ஊருக்குத் தெரியாது. ஊருக்கு நான் ஈர்க்கில்.

வெறும் வயிற்றில் இரத்தத்தில் சீனி ஒரு டெசிலீற்றருக்கு 148 மில்லிகிராம். சலரோகம், அதாவது நீரிழிவு, என்று சொல்ல 126 போதும். திரும்ப ஒரு நாள் வரச் சொல்லி, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பார்த்தார்கள், அது 7.1 வீதம். எல்லை 6.5. சரி, முடிந்தது. அண்ணனுக்கு சீனி இல்லை.

நான் பருமனாக இருப்பது நல்லது என்று சொல்கிறேன் என யாரும் கிளம்பி வரவேண்டாம். அண்ணனுக்கு அன்றைக்கே பிரஷர் பிடிபட்டது, முழங்கால் நோவும் இருக்கிறது, எடையைக் குறைக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். பருமன் கூடினால் சலரோகம் வரும் வாய்ப்பும் கூடும், அதை நான் மறுக்கவில்லை. நான் சொல்வது, ஒல்லி என்பதால் அது வராது என்று ஊர் நினைக்கிறதே, அதைப் பற்றி. நான் டொக்டர் இல்லை. ஆனால் இந்த வருத்தத்தோடு குடும்பம் நடத்துகிறவன்.

எனக்கு எப்படி வந்தது என்று கேட்டதற்கு கிளினிக் டொக்டர் பொறுமையாகச் சொன்னார். நம்முடைய பக்கத்து ஆட்களுக்கு எடை குறைவாக இருந்தாலும் வயிற்றுக்குள்ளே, ஈரலைச் சுற்றிக் கொழுப்பு சேரும், அது இன்சுலினை ஒழுங்காக வேலை செய்ய விடாது. தசை குறைந்த உடம்பு சீனியை இழுத்துக்கொள்வதும் குறைவு. சின்ன வயதில், வயிற்றுப் பிள்ளையாக இருக்கும்போதுகூட, ஊட்டம் குறைந்தவர்களுக்குப் பிறகு சோறும் சீனியும் தாராளமாகக் கிடைத்தால் இது வரும் வாய்ப்புக் கூட என்றும் சொன்னார். எனக்கு முகாம் நினைவு வந்தது. பிறகு என் மருமகன் இணையத்தில் ஒரு படம் எடுத்துக் காட்டினான். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புனேயைச் சேர்ந்த டொக்டர் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த டொக்டர் யட்கின், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறைச் சுட்டெண், அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிட்டுச் சொல்லும் எண், ஒன்றுதான், 22.3. பார்வைக்கும் இருவரும் ஒல்லி. கொழுப்பை அளந்தால் லண்டன்காரருக்கு 9.1 வீதம், புனேக்காரருக்கு 21.2 வீதம். அந்தப் படத்தை நான் போனில் சேமித்து வைத்திருக்கிறேன். "உங்களுக்கு எப்பிடி சீனி வரும், பொய் சொல்லுறீங்கள்" என்று கேட்கிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன்.

அப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர். பெரிய மாமி அதற்கும் ஒருபடி மேலே போய், "அதுதானே பாத்தன், அவனுக்கு சின்னனிலயே சீனி இருந்திருக்குது, அதுதான் மெலிவு" என்று தீர்ப்பே எழுதிவிட்டா. என் மனைவி மீதான வழக்கு அன்றைக்குத்தான் தள்ளுபடியானது. ஆனால் அவவுக்கு இன்னும் தலையிடி வருகிறது.

இதோடு தொடர்பில்லை, ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும். நான் மருந்து எடுக்கும் பாமசி ஒன்றில் மிச்சக் காசு இல்லை என்று ஒவ்வொரு முறையும் டொபி தருகிறார்கள். மெட்ஃபோர்மின் அட்டையை உறையில் போட்டு, அதற்கு மேலே இரண்டு டொபி. சீனிக்காரனுக்கு டொபி! "தங்கச்சி, எனக்கு இது சாப்பிடக்கூடாது" என்றால், "பிள்ளையளுக்குக் குடுங்கோ அண்ணா" என்கிறா. பிள்ளைகளின் பல்லை யார் பார்ப்பது? ஒருநாள் சேர்த்து வைத்த டொபிகளை எல்லாம் கொண்டுபோய், இந்தாருங்கள் மிச்சத்துக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். எடுக்க மாட்டார்களாம், அது காசு இல்லையாம். அவர்கள் தரும்போது மட்டும் காசு, நான் கொடுத்தால் இனிப்பு. பஸ்ஸிலும் இதே கதைதான், இறங்கும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டு நடத்துனர் கடைசிவரை இந்தப் பக்கம் திரும்ப மாட்டார். சரி, விடுங்கள்.

உங்கள் கேள்வி. உங்கள் உயரத்துக்கு 54 கிலோ என்றால் சுட்டெண் 18.1 வருகிறது. 18.5க்குக் கீழே என்றால்தான் எடை குறைவு என்கிறார்கள். நீங்கள் ஒன்றரைக் கிலோ கூடினாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். ஊர் பேசும் பேச்சுக்கும் இந்தக் கணக்குக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். ஆனால் ஒன்று. எப்போதும் இப்படித்தான் இருந்தீர்களா, அல்லது இந்த ஒரு வருடத்தில் இறங்கினீர்களா? எழுதவில்லை. இறங்கியது என்றால் கல்யாணத்தை மறந்துவிட்டு முதலில் டொக்டரிடம் போங்கள். தைரொயிட் சுரப்பு அளவுக்கு மேல் போனாலும், கசம் இருந்தாலும், சீனி இருந்தாலும் எடை இறங்கும். உங்கள் வயதிலும் இவை வரும்.

எப்போதும் இப்படித்தான் என்றால், சோற்றையும் சீனியையும் கூட்டி உடம்பு வைக்காதீர்கள், அது நேராக வயிற்றுக்குத்தான் போகும். ஏறவேண்டியது தசை. நம் ஊரில் அதற்குச் செலவு குறைவு. சூடை மீனும் கீரி மீனும் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நாளில் வாங்குங்கள். முட்டை, அவித்த கடலை, பயறு, தம்பலகாமம் பக்கத்து எருமைத் தயிர். தயிருக்குப் பாணி ஊற்றாமல் சாப்பிடப் பழகுங்கள், கொடுமைதான், எனக்கும் தெரியும். பெரிய பெரிய டின்னில் விற்கும் புரத மாவை வாங்கிக் காசைக் கொட்டவேண்டாம். மாவை ஆதரிக்கிறவர்கள் கீழே சண்டைக்கு வருவார்கள், வரட்டும், நான் ஒல்லிதான், ஆனால் பயமில்லை. அப்புறம் கிழமைக்கு இரண்டு மூன்று நாளாவது பாரம் தூக்குங்கள், தண்டால் எடுங்கள். நான் காலையில் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோவில்வரை ஏற்றத்தில் நடக்கிறேன். வழியில் மான்கள் கையில் என்ன இருக்கிறது என்று கிட்ட வந்து பார்க்கும், ஒன்றும் இல்லை என்றால் போய்விடும். நடை எனக்கு சீனிக்கு நல்லது. உங்களுக்கு நடை மட்டும் போதாது, பாரமும் வேண்டும்.

ஒரு அளவு நாடா வாங்கி வையுங்கள். விலா எலும்பு முடிகிற இடத்துக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்டபடி அளக்கவேண்டும். எடை ஏறும்போது அந்த எண்ணும் கூடவே ஏறுகிறதா என்று மாதம் ஒருக்கால் பாருங்கள். எடை ஏறி இடுப்பு பெரிதாக ஏறாவிட்டால் நீங்கள் சரியாகப் போகிறீர்கள்.

மூன்று மாதத்தில் மாமிமார் கண்ணுக்குத் தெரிகிற அளவு தசை வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்குக் கோட் தைப்பதென்றால் கடையில் தொங்குவதை எடுக்காதீர்கள், தோள் வழிந்து இன்னும் மெலிவாகக் காட்டும். தையல்காரரிடம் அளவு கொடுத்து, தோளுக்குச் சரியாகவும் கை மணிக்கட்டு வரைக்கும் வருவது போலவும் தைக்கச் சொல்லுங்கள். தை மாதம் என்றால் அவர்களிடம் வேலை குவியும், கார்த்திகைக்குள் துணியைக் கொடுத்துவிடுங்கள்.