முதியவர்களின் மூளை லிம்ஃபோமா: எந்த மருந்தோடு எந்த மருந்து?

மூளையிலேயே தொடங்கும் லிம்ஃபோமாவுக்கு (நிணநீர் அணுக்களில் வரும் புற்றுநோய்), 60 வயது தாண்டியவர்களிடம் எந்த மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது என்று பலர் கேட்டிருந்தார்கள். இந்த நோயாளிகளைப் பார்க்கும் ரத்தப் புற்றுநோய் மருத்துவர் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு என்ன டோஸ் என்பதை மட்டும் அவரை நேரில் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள்.

மாலதி: அப்பாவுக்கு 72 வயது. லிம்ஃபோமா என்றால் ஆர்-சாப் கீமோதானே கொடுப்பார்கள்? இவருக்கு ஏன் வேண்டாம் என்கிறார்கள், டாக்டர்?

ஆர்-சாப் என்பது பல மருந்துகள் சேர்ந்த கூட்டு. கழுத்திலோ வயிற்றிலோ வரும் லிம்ஃபோமாவுக்கு அது நல்ல மருந்து. ஆனால் அதிலுள்ள முக்கிய மருந்துகள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போதிய அளவு போவதில்லை. மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்தை உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 3 கிராம் அல்லது அதற்கு மேல் ஏற்றினால் உள்ளே போகிறது. அதனால் எந்த மருந்துக் கூட்டை எடுத்தாலும் அடிப்படை மருந்து அதுதான்.

செல்வம்: அவ்வளவு டோஸை வயதானவரின் கிட்னி தாங்குமா?

கவனமாகக் கொடுத்தால் பெரும்பாலும் தாங்கும். மெத்தோட்ரெக்ஸேட்டின் மஞ்சள் நிற டிரிப்ஸ் ஏறுவதற்கு முன்பே சலைனும், சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும் பைகார்பனேட்டும் ஓடத் தொடங்கிவிடும். நர்ஸ் ஒவ்வொரு முறையும் சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்ப்பார். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7க்குக் கீழே இருந்தால் காத்திருப்போம். சிறுநீர் அமிலமாக இருந்தால் மருந்து கிட்னிக் குழாய்களில் படிகமாகப் படிந்துவிடும். சுமார் ஒரு நாள் கழித்து மெத்தோட்ரெக்ஸேட்டின் நச்சை முறிக்கும் லூக்கோவோரின் தொடங்கும். ரத்தத்தில் மெத்தோட்ரெக்ஸேட் நன்றாக இறங்கும்வரை அதை நிறுத்துவதில்லை.

கிட்னியைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் 'நார்மல்' என்று ரிப்போர்ட்டில் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். வயதானவர்களுக்குத் தசை குறைவு என்பதால், கிட்னி சோர்ந்திருந்தாலும் அந்த எண் அழகாகவே இருக்கும். வடிகட்டும் திறனைக் கணக்கிட்டுத்தான் டோஸைக் குறைப்போம். மூட்டுவலி மாத்திரை, அசிடிட்டி மாத்திரை, கோ-டிரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக் இவற்றில் எதையாவது சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்து உடலை விட்டு வெளியேறுவதை இவை தாமதப்படுத்தலாம். நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் கோத்திருந்தாலும் இதே சிக்கல்தான்.

ஜோசப்: சரி, ஆய்வுகளில் எந்தக் கூட்டு ஜெயித்தது?

ஒன்றும் தெளிவாக ஜெயிக்கவில்லை. 60 வயதுக்கு மேற்பட்ட 95 பேரை வைத்து பிரான்ஸில் ஒரு ஆய்வு நடந்தது. முடிவு 2015-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டுடன் டெமோசோலோமைட். இன்னொரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்ஸேட், புரோகார்பசின், வின்கிரிஸ்டின், பிறகு சைட்டரபின். பக்கவிளைவுகள் ஏறக்குறைய சமம். உயிர்வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேர் தாண்டிய காலம்) முதல் பிரிவில் 14 மாதம், இரண்டாவதில் 31 மாதம். வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தாலும் புள்ளியியல் கணக்கில் அது உறுதிப்படவில்லை. இவ்வளவு சிறிய ஆய்வில் தற்செயலாகவும் அப்படி வரலாம்.

எனக்கு அதிகம் பாடம் சொன்னது ஜெர்மனியின் பிரைமெயின் ஆய்வு. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 107 பேர். ரிட்டுக்ஸிமாப், மெத்தோட்ரெக்ஸேட், புரோகார்பசின், லோமுஸ்டின் என்று நான்கு மருந்துகளோடு ஆரம்பித்தார்கள். நச்சுத்தன்மை அதிகமானதால் பாதியிலேயே லோமுஸ்டினை எடுத்துவிட்டார்கள். பலன் குறையவில்லை! ஒரு மருந்தைச் சேர்ப்பதைப் போலவே, ஒன்றை எடுத்துப் பார்ப்பதும் ஆய்வுதான். முதியவர்கள் விஷயத்தில் இரண்டாவதை நாம் போதிய அளவு செய்வதில்லை என்பது என் எண்ணம்.

ரஹீம்: மேட்ரிக்ஸ் கூட்டில் பாதிப் பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது என்கிறார்களே?

உண்மைதான். 2016-ல் வெளியான அந்த ஆய்வில் மெத்தோட்ரெக்ஸேட்டும் சைட்டரபினும் மட்டும் பெற்றவர்களில் 23 சதவீதம், ரிட்டுக்ஸிமாப் சேர்த்தபோது 30, தயோடெப்பாவும் சேர்த்தபோது, அதாவது மேட்ரிக்ஸில், 49 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. ஆனால் சேர்க்கை வயது 70-ஓடு முடிந்தது. 65 தாண்டியவர்கள் நல்ல உடல்நிலையில் இருந்தால்தான் அனுமதி. அதை அப்படியே 76 வயதுக்காரருக்குக் கொடுத்தால், ரத்த அணுக்கள் சரிந்து கிருமித் தொற்றில் போய் முடியலாம்.

இங்கே இன்னொரு ஆதங்கமும் உண்டு. 'நடமாட முடிகிறவர்கள் மட்டும்' என்று பல ஆய்வுகள் நிபந்தனை வைக்கின்றன. இந்த நோயாளியைப் படுக்கவைத்திருப்பதே கட்டிதான். இரண்டு சுழற்சி கீமோ முடிந்ததும் எழுந்து நடப்பவர்கள் இருக்கிறார்கள். சேர்க்கும் நாளில் படுக்கையில் இருந்தார் என்பதற்காக ஒதுக்கிவிட்டால், யாருக்காக மருந்து தேடுகிறோமோ அவர்களே ஆய்வில் இருக்க மாட்டார்கள்.

கவிதா: மூளை முழுவதும் ரேடியேஷன்?

60 தாண்டியவர்களுக்கு முதலிலேயே கொடுக்கத் தயங்குகிறோம். கட்டி சுருங்கும், ஆனால் மாதங்கள் கழித்து மறதி, நடைத் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை என்று வந்து நிற்கும்.

பிரபு: ஸ்டீராய்டு கொடுத்ததுமே ஸ்கேனில் கட்டியைக் காணோம். குணமாகிவிட்டதா?

இல்லை, திரும்பி வரும். பயாப்ஸிக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்தால் நோயை உறுதிப்படுத்துவதே சிரமமாகிவிடும். மூளை வீங்கி உயிருக்கு ஆபத்து என்றால் வேறு வழியில்லை.

நிர்மலா: கீமோ வேண்டாம், மாத்திரை மட்டும் போதுமா மேடம்?

நோய் திரும்பியவர்களுக்கு இப்ரூட்டினிப், லெனலிடோமைட் போன்ற மாத்திரைகள் உதவுகின்றன. ஜப்பானில் டிராப்ரூட்டினிப் என்ற இதே போன்ற மாத்திரைக்கு 2020-ல் அனுமதி கிடைத்தது. இப்ரூட்டினிப்போடு ஸ்டீராய்டும் சேரும்போது அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைத் தொற்று வந்திருக்கிறது, அதில் கவனம் தேவை. முதல் சிகிச்சையாக மாத்திரை மட்டும் என்பதை, மெத்தோட்ரெக்ஸேட் தாங்கக்கூடிய ஒருவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

தேவி: அம்மா ஆள் அடையாளம் மாறிப் பேசுகிறார். ஆய்வில் சேர யார் கையெழுத்து போடுவது?

சட்டப்படி அவருக்காக முடிவெடுக்கக்கூடியவர் போடலாம். அது யார் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் கையெழுத்தோடு விட்டுவிடாதீர்கள். சிகிச்சையில் தெளிவு திரும்பினால், ஆய்வுக் குழு அம்மாவிடமே விளக்கிச் சொல்லி மறுபடியும் சம்மதம் கேட்க வேண்டும். அப்போது அவர் வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம். வழக்கமான சிகிச்சை தொடரும்.