மலைச்சரிவில் வீடு: கையெழுத்துக்கு முன் இன்ஷூரன்ஸ் விசாரியுங்கள்

கேள்வி: கலிஃபோர்னியாவில், ஓக்லாந்து மலைப்பகுதியில் 1994-இல் கட்டிய ஒரு வீட்டுக்கு விலை பேசியிருக்கிறோம். விற்பவர் தந்த தாள்களில் ‘மிக அதிகத் தீ அபாய மண்டலம்’ என்று இருக்கிறது. இந்தப் பக்கம் எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் என்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா? கூரையை மாற்ற வேண்டியிருக்குமா?

பதில்: ஏஜென்ட் சொல்வது பொய்யில்லை. 1991-இல் அதே மலையில் பரவிய தீயில் 25 பேர் இறந்தார்கள். அதனால் அந்தத் தாளைச் சடங்காக நினைத்துப் புரட்டிவிடாதீர்கள்.

முதல் வேலை இன்ஷூரன்ஸ். வீட்டைப் பரிசோதிக்கக் கொடுத்த கெடு முடிவதற்குள் பிரீமியம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். எந்த கம்பெனியும் முன்வராவிட்டால், அப்படிப்பட்டவர்களுக்கென்றே உள்ள ‘ஃபேர் பிளான்’ என்ற இன்ஷூரன்ஸ் திட்டம் இருக்கிறது. ஆனால் அது முக்கியமாகத் தீக்குத்தான். திருட்டு, குழாய் உடைந்து வரும் நஷ்டம் இவற்றுக்குத் தனி பாலிசி வேண்டும். இரண்டையும் கூட்டினால் மாதத் தவணைக் கணக்கே மாறிப்போகும். பூட்டைத் திறந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

அடுத்தது, வீட்டின் சுற்றுப்புறம் புதர், சருகு நீக்கி தீ விதிப்படி இருக்கிறது என்ற ஆய்வுச் சான்று. 2021 ஜூலை முதல் இந்த மண்டலங்களில் விற்பவர் அதைத் தர வேண்டும். கையில் இல்லையென்றால், வாங்குபவர் ஓராண்டுக்குள் பெற்றுக்கொள்வதாக இருவரும் எழுதிக்கொள்ளலாம். நகரத்துக்குத் தனி விதி இருந்தால் கெடு மாறும். அந்தத் தாளில் கையெழுத்திட்டால் புதர் வெட்டும் செலவு உங்கள் தலையில். அதை விலையில் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்கவே வேண்டாம்.

சரி, கூரை. அது ஓடாகவோ நல்ல ஆஸ்பால்ட் ஷிங்கிளாகவோ (மர ஷிங்கிள் அல்ல) இருந்தால் அப்படியே விடுங்கள். காட்டுத்தீயில் பல வீடுகள் காற்றில் பறந்து வரும் கனல் துண்டுகளால்தான் எரிகின்றன. பரணுக்குக் காற்று போகும் வென்ட்டில் பழைய வலை இருந்தால் கனல் உள்ளே போய்விடும். தீ மண்டல வீடுகளுக்கான கட்டட விதி 2008-இல்தான் வந்தது. உங்கள் வீடு அதற்கு முந்தையது. ஆகவே ஏணி வைத்துப் பாருங்கள். கண் 1/8 அங்குலத்துக்கு மேல் இல்லாத உலோக வலை போதும். கூரையோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு.

சட்டம் வீட்டைச் சுற்றி 100 அடி வரை சுத்தம் கேட்கிறது. முதல் 30 அடியில் காய்ந்தது எதுவும் கூடாது, விறகுக் குவியலும் அதற்கு அப்பால் போக வேண்டும். ஆனால் என் கண் முதலில் போவது சுவரை ஒட்டிய ஐந்தடிக்குத்தான். ஜன்னலுக்குக் கீழே ஜூனிபர் புதர் இருந்தால் ஒரு கிளையைத் தூக்கிப் பாருங்கள். மேலே பச்சைப் பசேல் என்று இருக்கும். உள்ளே வருஷக்கணக்காகச் சேர்ந்த பழுப்பு ஊசிகள், தொட்டால் நொறுங்கும். அதை வேரோடு எடுங்கள். மண்மேல் மரச்சில்லு பரப்பியிருந்தால் அள்ளிவிட்டுச் சரளைக்கல் போடுங்கள். மரவேலி வீட்டைத் தொடும் கடைசி ஐந்தடியை உலோகமாக்குங்கள்.

இவற்றைச் செய்தால் பிரீமியத்தில் தள்ளுபடி தரவேண்டும் என்று 2022-இல் மாநில விதியே வந்துவிட்டது. வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். உங்கள் வீட்டுக்குக் கம்பெனி போட்ட தீ அபாய மதிப்பெண்ணையும் கேளுங்கள். தவறாகத் தெரிந்தால் மேல்முறையீடு செய்யலாம்.

அப்புறம், குடிபோன பிறகு ஒன்று. வாசலில் தென்னைநார் மிதியடி, பொங்கலுக்குக் கட்டி ஆகஸ்ட் வரை சருகாகத் தொங்கும் மாவிலைத் தோரணம், இரண்டையும் கோடை தொடங்கும் முன் எடுத்துவிடுங்கள்.