நள்ளிரவு முன்பதிவு முந்தைய நாள் தேதியில் விழுவது (பிஎச்பி, மைஎஸ்க்யூஎல்)

பிஎச்பி நிரலின் முதல் வரியிலேயே டேட் டீஃபால்ட் டைம்சோன் செட் என்ற கட்டளை கொண்டு நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று வையுங்கள். உங்கள் புதுச்சேரி விடுதித் தளத்தில் இரவு 12 முதல் காலை 5.30 வரை வரும் முன்பதிவு மட்டும் முந்தைய நாளில் பதிவாகிறது என்கிறீர்கள். அந்த 5.30 தான் துப்பு. சர்வர் யூடிசியில், அதாவது நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் உள்ள உலகப் பொது நேரத்தில், ஓடுகிறது. இங்கே 15ஆம் தேதி அதிகாலை 2 மணி என்றால் அதற்கு 14ஆம் தேதி இரவு 8.30.

அப்புறம் ஒரே பக்கத்தில் பிஎச்பி சொல்லும் நேரத்தையும் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லின் நவ் கட்டளை தரும் நேரத்தையும் அச்சிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லையா? டேட்டாபேஸ் இணைப்பு திறந்ததும் அதன் டைம்சோனை +05:30 ஆக்குங்கள். எண்ணுக்குப் பதில் ஆசியா/கொல்கத்தா என்று ஊர்ப்பெயர் கொடுத்தால், நேர மண்டல அட்டவணைகள் ஏற்றப்படாத சர்வரில் பிழை வரும். நமக்குக் கோடைக்கால நேரமாற்றம் இல்லாததால் எண்ணே போதும்.

பழைய வரிசைகளில் அவசரப்பட்டுக் கைவைக்காதீர்கள். முதலில் பேக்கப் எடுங்கள். நேரம் பதியும் நெடுவரிசையின் வகை டைம்ஸ்டாம்ப் என்றால் உள்ளே யூடிசியாகவே இருக்கும், படிக்கும்போது தானே மாறிவிடும். அதில் மணி நேரத்தைக் கூட்டினால் கெட்டுவிடும். டேட்டைம் என்றால்தான், திருத்தத்துக்கு முந்தைய வரிசைகளுக்கு மட்டும், ஒரே முறை ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும்.

அறைக்கு வரும் நாளை மட்டும் நேரமில்லாத வெறும் டேட் வகையாக வையுங்கள். உதாரணத்துக்கு, பாரிஸ் நம்மைவிடக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம், கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால். வரும் நாளை நள்ளிரவு நேரத்தோடு அனுப்பினால் அங்கிருந்து பதிவு செய்பவரின் பிரவுசர் அதை முந்தைய நாள் இரவாகக் காட்டும்.